எண்ணி முடிக்கும்வரை பேசக்கூடாது

புதிதாகக் காக்கி போட்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன மாதம் பயிற்சி முகாமில் உங்களில் ஒரு பெண் எழுந்து நின்று, மலைப்பாதையில் கூட வந்தவர் ஒருவர் காணாமல் போனால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நான் கையேட்டில் இருப்பதைச் சொன்னேன். நின்ற இடத்தில் நில், பெயர் சொல்லிக் கூப்பிடு, விசில் அடி, அலுவலகத்துக்குத் தகவல் கொடு. எல்லோரும் ஒழுங்காக எழுதிக்கொண்டீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என் முட்டாள்தனத்தைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது. இனி யாரும் என்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்ற முடியாது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பாரஸ்ட் கார்டாக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே கல்வராயன் மலையில் சிறுத்தை கண்டவன் நான். எதிர்ச் சரிவில், பாறை மேல், காலை வெயிலில் படுத்திருந்தது. ஒன்றரை மணி நேரம் மூச்சு விடாமல் பார்த்தேன். அது அசையவே இல்லை. என்ன பொறுமை என்று வியந்து நான்கு பக்கம் அறிக்கை எழுதினேன். சாயங்காலம் ஒரு அம்மாள் வந்து அதை உதறி மடித்து எடுத்துக்கொண்டு போனாள். கம்பளி. இப்படிப்பட்ட ஒருவனிடம்தான் பிறகு ஆறு வருடம் அணைக்கட்டிலிருந்து மேலே ஏறும் பாதையின் பறவைக் கணக்கைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் கேட்டிருப்பீர்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக. அதன் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு வண்டிச் சத்தம் இல்லை. சாலையோரத்தில் நின்ற புளியமரங்கள் சாலையில் படுத்திருந்தன. காது கூசும் அளவுக்கு அமைதி. பறவைகளுக்கு மட்டும் ஏகக் கொண்டாட்டம். கச்சிராயபாளையம் சாலையின் நடுவில் காட்டுக்கோழி மேய்ந்ததை அந்த வாரம்தான் பார்த்தேன்.

என் மனைவி எலவனாசூர்கோட்டையில் அவள் தம்பி பிள்ளைக்குக் காதுகுத்து என்று போனவள், அங்கேயே மாட்டிக்கொண்டாள். கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருந்த குடியிருப்பில் நானும் மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் உமாவும் மட்டும். எனக்கு உதவியாக வருகிற வாட்சரும் பஸ் இல்லாமல் வரவில்லை. வருடாந்தரக் கணக்கெடுப்பு நாட்கள் வந்துவிட்டன. அணை அலுவலகத்துப் போனில் ரேஞ்சரைப் பிடித்து, தள்ளிப் போடலாமா என்று கேட்டேன்.

"பஸ்ஸுதான்யா ஓடல. குருவிங்களுமா மறியல்ல கீது? போய் எண்ணு," என்றார்.

தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வராமல் உமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தகப்பனாக அது சரியான முடிவு என்று அன்று நினைத்தேன். இன்றும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

கணக்கெடுப்பில் குறித்த இடங்களில் பத்துப் பத்து நிமிடம் வாய் திறக்காமல் நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் மௌனம் என்றால் என்ன என்பதும் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். முதல் நாள் போய் நின்றதுமே அவள் கேட்ட கேள்விகளில் அந்தச் சரிவே காலியாகிவிட்டது. அதனால் ஒரு விளையாட்டு வைத்தேன். "எண்ணி முடிக்கிற வரைக்கும் பேசக்கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. யாரு கூப்ட்டாலும், நானே கூப்ட்டாலும் வாயத் தொறக்கக்கூடாது. நான் வந்து தோளத் தொட்டாத்தான் கணக்கு முடிஞ்சிது." ஜெயித்தால் பைனாகுலரை ஒரு நாள் முழுக்க அவள் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

அவளைத் தோற்கடிப்பதில் எனக்கு ஒரு குஷி. சும்மா "உமா" என்று கூப்பிட்டேன். "இன்னாப்பா" என்றாள், தோற்றாள். அடுத்த இடத்தில் "கணக்கு முடிஞ்சிது, வா" என்றேன். எழுந்து வந்தாள், தோற்றாள். மூன்றாவது இடத்தில், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு "பாம்பு, பாம்பு" என்று கத்தினேன். அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அதிலும் தோற்றாள். வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை அடக்க நல்ல வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று மாலை சாலைப் பக்கம் போனபோது இன்னொரு புளியமரம் விழுந்திருந்தது. அங்கே நின்ற கூட்டத்துக்குத் தலைவர் போல இருந்தவர் கரும்பு வெட்டும் ஆட்களின் மேஸ்திரி. எனக்கு முகப் பழக்கம். காக்கி போட்ட திமிரில், நூறு வருட மரத்தை இப்படிச் சாய்க்கலாமா என்று சத்தம் போட்டேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"இது ஹைவேஸ் மரம், கார்டு. உன் காட்ல கை வெச்சனா நானு? போய் உன் குருவிய எண்ணு, போ," என்றார். கூட்டம் சிரித்தது.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். மூன்றாவது இடத்தில் நாம் நிற்கிற மரத்துக்குச் சிவப்புப் பெயின்டில் எண் போட்டிருக்கும். அன்று அந்த அடிமரம் முழுக்க முசுறு எறும்பு. பிள்ளையைக் கடித்துவிடுமே என்று ஓடையோரமாகக் கொஞ்ச தூரம் கூட்டிப் போய், உண்ணிச்செடி மறைவில் இருந்த ஒரு தட்டைப் பாறையில் உட்கார வைத்தேன். கையில் நோட்டையும் பென்சிலையும் கொடுத்தேன். விதியை மறுபடி சொன்னேன். அவள் அப்போதே வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. தலைக்கு மேல் கனமான சிறகடிப்பு. பெரிய பறவை, நீண்ட வால், அலகு பெரிது. என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: பெரிய இருவாட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது. இந்த மலையில் அதை யாருமே பதிவு செய்ததில்லை. கம்பளியை எழுதிய கையால் இதை எழுதினால் எல்லாக் கேலியும் அழிந்துவிடும். இதோ வந்துவிடுகிறேன் என்று உமாவிடம் கையால் காட்டிவிட்டு ஓடையைத் தாண்டினேன்.

அந்தப் பறவை என்னை ஒரு சரிவு ஏற்றி, ஒரு சரிவு இறக்கி, மறுபடி ஓடையைத் தாண்ட வைத்து, கடைசியில் ஓர் ஆலமரத்தில் போய் உட்கார்ந்தது. பைனாகுலரை வைத்துப் பார்த்தேன். சாம்பல் இருவாட்சி. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள அத்திமரத்துக்குத் தினமும் காலையில் வந்து எச்சம் போடுகிற அதே சாதாரண சாம்பல் இருவாட்சி. மணி பார்த்தேன். பத்து நிமிடம் என்று நினைத்தது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

மாட்டுத் தடத்தில் குறுக்கே இறங்கி ஓடைக்கு வந்தேன். பாறை இல்லை. அதாவது நூறு பாறை இருந்தது, எல்லாம் தட்டையாக, எல்லாவற்றுக்கும் முன்னால் உண்ணிச்செடி. எண் போட்ட மரத்தைக் கண்டுபிடித்தேன். அங்கிருந்து மேலேயா கீழேயா, இந்தக் கரையா அந்தக் கரையா என்பது மண்டையிலிருந்து அப்படியே அழிந்து போயிருந்தது. ஆறு வருடம் நடந்த பாதை. கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பேன் என்று பெருமை பேசிய பாதை. பயம் வந்தால் ஒருவனுக்குத் தன் வீட்டு வாசலே அடையாளம் தெரியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. உரக்கக் கூப்பிட்டேன். விசில் அடித்தேன். "கணக்கு முடிஞ்சிது, வாம்மா" என்று கத்தினேன். எதற்கும் பதில் இல்லை. சரிவில் ஒரு கரையான் புற்று புதிதாகப் பிளந்து கிடந்தது, மண் இன்னும் ஈரமாக இருந்தது. யார் வேலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரடி தோண்டி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பதில் வராததற்கு என் மனம் ஒரே ஒரு காரணத்தைத்தான் யோசித்தது. அந்த இடத்தில் நான் மனிதனாக இல்லை. பெயரைச் சொல்லி ஊளையிடுகிற ஏதோ ஒன்றாக இருந்தேன்.

அப்புறம் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தனியாகத் தேடிக்கொண்டே இருப்பதா, அவளை விட்டுவிட்டு ஆள் கூட்டி வரக் கீழே ஓடுவதா? கையேடு அலுவலகத்துக்குத் தகவல் கொடு என்கிறது. அலுவலகத்துக்கும் எனக்கும் நடுவே முப்பது மரம் படுத்திருந்தது. ஜீப் வராது. நடந்து வரக்கூடிய ஆட்கள் அந்த மரங்களை வெட்டியவர்கள்தான். நான் கீழே ஓடினேன். பிள்ளை இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி ஓடுவதைப் போல ஒரு வேலை எந்தத் துறையிலும் இல்லை.

சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வரவில்லை. மேஸ்திரியிடம் சொன்னேன். நேற்றையதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்டது, "எத்தினி வயசு?" என்று மட்டும்தான். எட்டு என்றேன். திரும்பிப் பன்னிரண்டு பேரைக் கையைக் காட்டினார்.

ஒரு இளைஞன், "மறியல வுட்டுட்டு எல்லாரும் போய்ட்டா இன்னாண்ணே ஆவறது?" என்றான்.

"மரம் படுத்துகினு கீது இல்ல? அது பாத்துக்கும். வாடா," என்றார் மேஸ்திரி.

எண் போட்ட மரத்தடியில் நின்று பதின்மூன்று பேரும் நானும் சேர்ந்து கத்தினோம். உமா, பாப்பா, கண்ணு, எல்லாப் பெயரும் சொல்லிக் கத்தினோம். குரங்குகள் கிளை தாவி ஓடின. கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி எல்லோரையும் கையமர்த்தினார். என்னிடம் வந்தார்.

"கார்டு, குந்த வெச்சப்போ புள்ளகிட்ட இன்னா சொன்ன?"

"இங்கியே இருன்னேன்."

"அத வுடு. வேற இன்னா சொன்ன? நீ சொன்னத அப்டியே சொல்லு."

சொன்னேன். விளையாட்டை, விதியை, முதல் நாள் அவளைத் தோற்கடித்த மூன்று தந்திரத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உறைத்தது. கணக்கு முடிஞ்சிது என்று கத்தினேனே தவிர, தோளைத் தொட வேண்டும் என்ற விதி அதுவரை என் நினைவுக்கே வரவில்லை. பிள்ளைக்குப் போட்டேன், நான் மறந்துபோனேன்.

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாம்புன்னுகூட கத்திப் பாத்துட்டியா நேத்தே?"

"ஆமாம்."

"அப்ப இன்னிக்கு நெருப்புன்னு கத்தினாலும் எழுந்திருக்காது. படிச்சவனாச்சே, எல்லா வழியையும் நீயே அடச்சி வெச்சிகிற," என்றார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "எவனும் வாயத் தொறக்காத. நாம கத்தக் கத்த அது இன்னும் இறுக்கமா குந்திகினு இருக்கும். கரும்பு வெட்டற மாதிரி வரிசை கட்டு," என்றார்.

அப்படி ஒரு தேடலை நம் துறையில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆள் உயரக் கரும்புக்குள் பக்கத்து ஆளின் முகம் தெரியாமலே ஒரே வரிசையாக முன்னேறிப் பழகியவர்கள் அவர்கள். ஒவ்வொருவனுக்கும் நீளவாக்கில் ஒரு கீற்று நிலம். அதைவிட்டு நகரக்கூடாது, அதில் ஒரு கையகலம் விட்டுவிடக்கூடாது. இரண்டு கரையிலும் ஏழு ஏழு பேராக, உண்ணிச்செடியை விலக்கிக்கொண்டு, ஒரு சத்தம் இல்லாமல் போனார்கள். நான் மேஸ்திரிக்குப் பக்கத்துக் கீற்றில் போனேன். என் வாயிலிருந்து பெயர் வராமல் இருக்கச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டேன்.

மரத்திலிருந்து நூறு அடிகூட இருக்காது. எதிர்க்கரையில் ஒருவன் கையைத் தூக்கினான். கூப்பிடவில்லை, தொடவும் இல்லை. அப்படியே நின்று, என்னை வரச் சொல்லிச் சைகை காட்டினான்.

பாறையில், நான் விட்ட இடத்தில், விட்டபடியே உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் அழுது காய்ந்த கோடு இருந்தது. வெட்டுக்கத்தியோடு நிற்கிற முன்பின் தெரியாத ஆளைப் பார்த்துக்கொண்டே வாயை இறுக்கி மூடியிருந்தாள். நான் போய்த் தோளைத் தொட்டேன். அப்போதுதான் மூச்சு விட்டாள். நான்கு மணி நேரம்.

நோட்டை என்னிடம் நீட்டினாள். நாம் கணக்கெடுப்புத் தாளில் கண்டது, கேட்டது என்று இரண்டு கட்டம் போடுவோம் இல்லையா, அப்படியே கோடு போட்டிருந்தாள். கேட்டது என்ற கட்டத்தில், செம்போத்துக்குக் கீழே, 'அப்பா' என்று எழுதி, நான் கூப்பிட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு இழுத்திருந்தாள். ஐந்து ஐந்தாகக் கட்டு. பக்கம் நிறையக் கட்டு. எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

கண்டது என்ற கட்டத்தில் சின்னான் ஆறு, தவிட்டுக்குருவி ஒன்பது, அதன் கீழே கரடி ஒன்று, குட்டி ஒன்று.

"எங்கம்மா பாத்த?"

"அதோ, அந்தக் கல்லாண்ட. குட்டி என்னியே பாத்துகினு நின்னுச்சி. அப்பக்கூட நான் பேசலப்பா."

அவள் காட்டிய கல் பதினைந்து அடியில் இருந்தது. குட்டியோடு இருக்கிற கரடி, பதினைந்து அடி. நான் உட்கார்ந்துவிட்டேன். மறியல்காரர்களில் ஒருவன், புள்ள நடந்துடும், கார்டத்தான் தூக்கினு போவணும்போல கீது என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அவள் கத்தியிருந்தால் நான் அரை மணியில் கண்டுபிடித்திருப்பேன். கத்தியிருந்தால் கரடி என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இறங்கும்போது இதை மேஸ்திரியிடம் புலம்பினேன். அவர் முன்னால் நடந்தபடியே சொன்னார்: "நீ சொல்லிக் குடுத்ததுல பாதி அதக் காப்பாத்துச்சி, பாதி அதத் தொலச்சிச்சி. எது எந்தப் பாதின்னு உனுக்குத் தெரியாது, கார்டு. அதான் விசயம்." இத்தனை வருட சர்வீசில் எந்தப் பயிற்சியிலும் இதைவிட நல்ல பாடத்தை நான் கேட்டதில்லை. அவர் பெயரை அன்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. சாலைக்கு வந்ததும் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு மரத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடக் கணக்கில் எங்கள் சரகத்திலிருந்து போன ஒரே நேரடிக் கரடிப் பதிவு அதுதான். பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. உமா இப்போது திருவண்ணாமலையில் வேலையில் இருக்கிறாள். பஸ் ஏறினாளா, இறங்கினாளா என்று தினமும் இரண்டு தடவை போன் செய்கிறேன். தினமும் இரண்டு தடவை திட்டு வாங்குகிறேன்.

ஆகவே, கேள்வி கேட்ட தங்கைக்கு என் பதில்: ஒருவர் காணாமல் போனால், கத்துவதற்கு முன், கடைசியாக அவரிடம் நீ என்ன சொன்னாய் என்று யோசி. சொன்ன வார்த்தை மாறாமல் யோசி. இன்னொன்றும் உண்டு. அது எனக்கு அன்று மத்தியானம்தான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சோறு வடித்து, மோர் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். அவள் சாப்பிட்டாள். அவள் அம்மா வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற பயம், கரடி பயத்துக்கு அடுத்தபடியாக மெதுவாக எழுந்து வந்துகொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "உமா, அம்மா வந்தா இதப் பத்திப் பேசக்கூடாது. சரியா?"

அவள் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனவள், நிறுத்தினாள்.

"எது வரைக்கும்பா?"

குத்தலாகக் கேட்கவில்லை. விதி என்றால் முடிவு எங்கே என்று தெரிய வேண்டும், அதைத்தான் கேட்டாள். அவள் சொன்னால் சொன்னபடி இருக்கிறவள் என்பதை நான் அன்று காலைதான் பார்த்திருந்தேன். பத்து வருடமானாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது வந்து தோளைத் தொடும்வரை.

"வேணாம்மா," என்றேன். "அம்மா வந்ததும் நீயே சொல்லிடு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

மறியல் முடிந்து, மரங்களை இழுத்து ஓரம் கட்டிய மறுநாள், முதல் பஸ்ஸில் என் மனைவி வந்து இறங்கினாள். உமா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் கரடி வரைக்கும் வந்துவிட்டாள்.